கரும்பு வட்டம்

மதலேனாள் அந்த ஊருக்கு வாத்தியாரம்மாவாக வந்து சேர்ந்ததற்குக் காரணம், இருபத்திரண்டு பிள்ளைகள் ஒரே குரலில் சொன்ன ஒரு தப்பான விடை.

1889-ஆம் வருடம், மாசி மாதம். கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குப் போகிற பாதையில் வேதக்காரர்கள் குடியிருந்த ஊர் அது. நடுவில் மாதா கோயில். கோயிலை ஒட்டி நீளமாக ஓர் ஓட்டுக் கட்டடம். அதுதான் பள்ளிக்கூடம். வருடத்துக்கு ஒரு தடவை பெரியகுளத்திலிருந்து டிப்டி இன்ஸ்பெக்டர் மாட்டு வண்டியில் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். தேறின பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சர்க்கார் மானியம் கொடுக்கும். அந்த வருடம் வந்தவர் வைகுண்டராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கனத்த சரீரம், அதற்கேற்ற தலைப்பாகை. மூன்றாம் வகுப்பின் முன்னால் நின்று அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா?"

"நான்கில் ஒன்று!" என்று ஓடு அதிரும்படி வகுப்பே கத்தியது.

"எப்படி?"

முன்வரிசையில் செல்வமணி எழுந்தான். எட்டு வயது. சாப்பாட்டு விஷயம் தவிர வேறு எதிலும் அவசரப்படாதவன். "மூணைவிட நாலு பெரிசுல்லங்கய்யா" என்றான். இதுகூடத் தெரியாதவருக்கு இவ்வளவு பெரிய தலைப்பாகையா என்று அவன் முகம் கேட்டது.

வகுப்பு முழுக்கக் கணக்கில் போயிற்று. மானியம் பாதியாக வந்தது.

தலைமை வாத்தியார் லூர்துநாதனுக்கு அது பெரிய அவமானம். அவர் கணக்குத் தெரியாதவர் அல்ல. முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம் என்று பழைய பின்னக் கணக்கான கீழ்வாய் இலக்கத்தை, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ராகம் பிசகாது. ஆனால் அந்த ராகத்துக்குள் மூன்றில் ஒன்று என்கிற சரக்கு கிடையாது. அது சர்க்கார் அனுப்பிய புதுப் புத்தகத்தில் இருந்தது, மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு ஏன் அங்கே இருக்கிறது என்பதை லூர்துநாதன் யாருக்கும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் வண்டி ஏறினதும் பிரம்பை எடுத்தார். சாயங்காலத்துக்குள் மூன்றில் ஒன்றுதான் பெரிது என்பது எல்லாருக்கும் நன்றாக உறைத்துவிட்டது.

பங்குச்சாமியார் மதுரைக் கன்னியர் மடத்துக்குக் கடிதம் எழுதினார். கணக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார். கார்த்திகையில் மதலேனாள் வந்தாள்.

அவளுக்கு அப்போது இருபது வயது. கம்பத்துக்கும் கூடலூருக்கும் பாரவண்டி ஓட்டிய அந்தோணிமுத்துவின் மகள். ஒன்பது வயதில் மடத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள். குட்டையான உருவம். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. சிரிப்பை அடக்கப் பார்த்தால் அந்தச் சந்து வழியாகக் காற்றுச் சீறும். மடத்தில் இருந்த காலத்தில் ஒருநாள் பசி தாங்காமல் சாப்பாட்டு மணியை அரைமணி நேரம் முன்கூட்டியே அடித்துவிட்டாள். நூற்றிருபது பேர் வந்து வரிசையாக உட்கார்ந்து, செபம் சொல்லி முடித்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடத்துத் தலைவி கொடுத்தனுப்பிய நற்சான்றில் இரண்டே வரி: 'கணக்கில் மிகவும் கெட்டி. அடக்கத்தில் இன்னும் பயிற்சி வேண்டும்.'

சாமியார் இரண்டாவது வரியைப் படிக்காத மாதிரி காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை.

முதல்நாள் மதலேனாள் வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்: "மூணில் ஒண்ணு பெரிசா, நாலில் ஒண்ணு பெரிசா?"

"மூன்றில் ஒன்று!" சத்தம் பலமாகவே வந்தது. இரண்டு மூன்று பேரின் கை தன்னால் முதுகுப் பக்கம் போய்த் தடவிக்கொண்டது.

"பேஷ். அஞ்சில் ஒண்ணா, ஆறில் ஒண்ணா?"

"ஆறில் ஒன்று!"

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் இரண்டு கரும்பைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தோட்டம் வைத்திருந்த சுருளியாண்டியிடம் கேட்டு வாங்கியது. கோயில் முற்றத்தில் சாம்பலால் இரண்டு வட்டம் போட்டாள். ஒன்றில் ஐந்து பேர் நிற்கலாம், இன்னொன்றில் ஆறு பேர். வட்டத்துக்கு ஒரு கரும்பு. நிற்கிறவர்கள் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

"அஞ்சில் ஒண்ணு வேணுங்கிறவுக இங்கன வாங்க. ஆறில் ஒண்ணு வேணுங்கிறவுக அங்கன போங்க."

ஐந்தின் பக்கம் ஒருவரும் வரவில்லை. ஆறின் வட்டத்தில் அடிதடி. செல்வமணி இரண்டு பேரைக் கீழே தள்ளிவிட்டு இடம் பிடித்தான். கடைசியில், தள்ளுப்பட்டவர்களிலும் இளைத்தவர்களிலும் ஐந்து பேர் கண் கலங்கியபடி ஐந்தின் வட்டத்தில் வந்து நின்றார்கள். மதலேனாள் இரண்டு கரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நீளம் என்று காட்டினாள். நூலை அளந்து மடித்து, மடிப்புக்கு மடிப்பு அரிவாளால் தட்டினாள்.

துண்டுகள் கைக்கு வந்தன. செல்வமணி தன் துண்டைப் பார்த்தான். எதிர் வட்டத்தில் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே கடிக்கத் தொடங்கியிருந்த மெலிந்த பையனின் துண்டைப் பார்த்தான். மறுபடியும் தன்னுடையதைப் பார்த்தான்.

"வாத்தியாரம்மா ஏமாத்திப்புட்டாக!"

"நான் என்னலே ஏமாத்தினேன்? கரும்பு ஒண்ணுபோல இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு."

"நூலு?"

"நூலும் சரிதான்."

"அப்ப எதுலே சரியில்ல?"

செல்வமணி தன் வட்டத்தில் நின்றவர்களை விரல்விட்டு எண்ணினான். ஐந்து வரைக்கும் வேகமாகப் போன விரல் தன் நெஞ்சுக்கு நேரே வந்ததும் நின்றது. "ஆளு கூட" என்றான், வெகு துக்கத்தோடு.

கோட்டுக்குக் கீழே இருக்கிற எண் எத்தனை பேர் பங்குக்கு நிற்கிறார்கள் என்பதைச் சொல்லுகிறது என்று மதலேனாள் அன்று பலகையில் எழுதினாள். கீழே கூட்டம் பெருகப் பெருக ஆளுக்குக் கிடைப்பது சிறுத்துப்போகும். அதை அவள் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் வட்டந்தான். தினமும் கரும்புக்கு எங்கே போவது? ஆகவே கரும்பு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். முற்றத்தில் நாலைந்து வட்டம். அவள் கைதட்டுகிறவரை பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்கலாம், எந்த வட்டத்துக்குள்ளும் நுழையலாம். தட்டினதும் அவரவர் நின்ற வட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணித் தன் பங்கைச் சொல்ல வேண்டும். பெரிய பங்குக்காரருக்கு அன்றைக்கு மணி அடிக்கிற உரிமை. ஆட்கள் குறைவாக நிற்கிற வட்டத்தைப் பார்த்து எல்லாரும் ஓடுவார்கள். எல்லாரும் ஓடினதாலேயே அது நெரிசல் வட்டமாகிவிடும். "போலே, போலே, நீ வந்தா நான் ஏழில் ஒண்ணாயிருவேன்" என்று ஒருவனை ஒருவன் கெஞ்சுவதும் பிடித்து வெளியே தள்ளுவதுமாக முற்றமே அல்லோலப்படும்.

மூன்றாம் நாள் ரோசம்மாள் என்ற பெண் ஒரு காரியம் செய்தாள். ஒன்பது வயது, எலும்பும் தோலுமாக இருப்பாள், வாய் மட்டும் நீளம். ஒரு வட்டத்தின் ஓரத்தில் போய் நின்று, "ஏலே, இங்கன கட்டெறும்புப் புத்து!" என்று கூவினாள். உள்ளே இருந்த அத்தனை பேரும் தாவி வெளியேறினார்கள். அவள் உள்ளே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மதலேனாள் கைதட்டினாள்.

"உன் பங்கு என்னத்தா?"

"ஒண்ணில் ஒண்ணு" என்றாள் ரோசம்மாள். "முழுக் கரும்பு."

எறும்புப் புற்று எங்கே என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். மதலேனாளின் முன்பல் சந்தில் காற்றுச் சீறியது. ரோசம்மாள்தான் அன்று மணி அடித்தாள்.

கோட்டுக்கு மேலே இருக்கிற எண்ணுக்குக் கயிறு வந்தது. கோயில் கொடிமரத்திலிருந்து கிணற்று மேடை வரைக்கும் இரண்டு கயிறு, ஒரே நீளம். ஒன்றைச் சம தூரத்தில் முடிச்சுப் போட்டு மூன்று பாகமாக்கினாள், இன்னொன்றை நான்கு பாகமாக்கினாள். "மூணில் ரெண்டு!" என்று கத்தினால் ஒரு பிள்ளை முதல் கயிற்றின் இரண்டாம் முடிச்சுக்கு ஓட வேண்டும். "நாலில் மூணு!" என்றால் மறுகயிற்றின் மூன்றாம் முடிச்சுக்கு. கிணற்றுக்குக் கிட்டத்தில் நிற்பவர் பெரியவர். பிறகு ஆறு பாகம், எட்டு பாகம் என்று கயிறுகள் கூடின.

ஓடுவது செல்வமணிக்குப் பிடிக்காது. அவன் கிணற்று மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நாலைந்து நாள் கழித்து, அவள் கேள்வியைக் கேட்டு வாய் மூடுவதற்குள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நாலில் மூணுதான் பெரிசு" என்றான்.

"ஓடாம எப்படிலே தெரியும்?"

"அவனுக மட்டும் கிணத்துக்கு வந்துட்டானுகளா? மூணில் ரெண்டுக்காரனுக்கு இன்னும் மூணில் ஒரு பங்கு தூரம் கிடக்கு. நாலில் மூணுக்காரனுக்கு நாலில் ஒரு பங்குதான் கிடக்கு. கொஞ்சமா மிச்சம் வச்சவன்தானே கூட வந்திருப்பான்?"

மடத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையில் இதற்கு ஐந்து வரி எழுத வேண்டும். மதலேனாள், "நீ இனிமே ஓட வேண்டாம்" என்றாள். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

லூர்துநாதன் பொறுத்துப் பார்த்தார். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சன்னலில் தொங்க ஆரம்பித்ததும் முற்றத்துக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, இது பள்ளிக்கூடமா, மாட்டுச் சந்தையா?"

"பின்னம் நடக்குதுங்கய்யா."

"பின்னம் நடக்கலை. ஓடுது!"

"நடந்தா நேரமாகுதுங்கய்யா" என்றாள் மதலேனாள், மிகுந்த பணிவோடு.

அவர் சாமியாரிடம் போனார். சாமியார் முற்றத்துக்கு வந்து எட்டிப் பார்த்த சமயம் ரோசம்மாள் அவரிடமே ஓடி வந்து, "சாமி, உங்களப் பங்குச்சாமின்னு கூப்பிடுறாகளே, நீங்க எத்தனையில் எத்தனை பங்கு?" என்று கேட்டுவிட்டாள். சாமியார் ஐரோப்பாக்காரர். விளையாட்டுப் பேச்சு புரிகிற அளவுக்கு அவருக்குத் தமிழ் வந்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய்விட்டார். விசாரணை அத்துடன் முடிந்தது.

தை மாதத்தில் வேறொரு தொல்லை வந்தது. சுருளியாண்டி மூன்று பையன்களை ஒரே துண்டில் கட்டி இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கோபத்தில் அவர் மீசை தனியாக ஆடியது.

"நல்லா இருக்கும்மா உங்க படிப்பு! கரும்பு கேட்டீக, குடுத்தேன். இப்ப தோட்டத்துக்குள்ள பூந்து ஒடிக்கிறானுக. நீங்களே கேளுங்க."

மதலேனாள் முதலாமவனைக் கேட்டாள். "எம்புட்டுலே எடுத்தே?"

"மூணில் ஒண்ணுதான் எடுத்தேன் வாத்தியாரம்மா."

இரண்டாமவன், "நானும் மூணில் ஒண்ணுதான்" என்றான். மூன்றாமவன் அழுதுகொண்டே, "மூணில் ஒண்ணுக்கு மேல எடுத்திருந்தா மாதா கண்ணைக் குத்தட்டும்" என்று சத்தியம் செய்தான்.

சுருளியாண்டி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தனும் முழுசா எடுக்கலைங்கிறான். பொய் சொல்ற மொகமாவும் தெரியலை. அப்ப என் கரும்பை எவன்தான் எடுத்தான்?"

மூன்று பையன்களும் வாத்தியாரம்மாவைப் பார்த்தார்கள். அவளுக்குத் தர்மசங்கடம். மூணில் ஒண்ணு மூணு சேர்ந்தால் ஒன்று என்று அவர்களையே சாம்பலில் கோடு போட்டுக் காட்டச் சொன்னாள். காட்டி முடித்த பிறகுதான் தாங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டது அவர்களுக்கே தெரிந்தது. சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் சுருளியாண்டியின் தோட்டத்தில் களை பிடுங்கினார்கள். கூடவே மதலேனாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிடுங்கினாள். கரும்பு ருசியைக் காட்டியது தான்தானே என்றாள். சுருளியாண்டிக்கு அதில் மனசு இளகிவிட்டது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளைக்கு ஆறு கரும்பு தருகிறேன் என்று தானாகவே சொல்லிவிட்டுப் போனார். போகும்போது மட்டும் திரும்பி, "எட்டில் ஒண்ணுன்னு சொல்லி எட்டுப் பேரை அனுப்பிறாதீக" என்றார்.

1890 மாசியில் வைகுண்டராஜின் வண்டி வந்தது.

லூர்துநாதன் முதல்நாளே கட்டளை போட்டிருந்தார். கயிறு, கரும்பு எல்லாம் மணிக்கூண்டுக்கு அடியில் போயாயிற்று. முற்றம் கூட்டித் தெளித்தாயிற்று. பிள்ளைகள் தலையில் எண்ணெய் வழிய, கையைக் கட்டி, முழங்கால் சேர்த்து உட்கார்ந்திருந்தார்கள். மதலேனாள் சுவரோரம் நின்றாள். அடக்கமாக நிற்கிறோம் என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

வைகுண்டராஜுக்குப் போன வருடம் நினைவிருந்தது. செல்வமணியைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தது. "மூன்றில் இரண்டு பெரிதா, நான்கில் மூன்று பெரிதா?"

செல்வமணிக்கு விடை தெரியும். ஆனால் அவன் பார்வையில் கிணறு இல்லை. எதிரில் இருந்தது தலைப்பாகை. அவன் விழித்தான். பக்கத்தில் இருந்தவர்களின் கால்கள் மட்டும் பலகைக்கு அடியில் அசைந்தன. லூர்துநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ரோசம்மாள் கையைத் தூக்கினாள். "ஐயா, ஓடிப் பார்த்துட்டு வந்து சொல்லட்டுமா?"

"என்ன?"

அவர் கேட்டது கேள்வி. பிள்ளைகளின் காதில் அது அனுமதியாக விழுந்தது. வாசல் வழியே பத்துப் பேர், சன்னல் வழியே பன்னிரண்டு பேர், கண்மூடித் திறப்பதற்குள் அறை காலி. வெறும் பலகைகளுக்கு நடுவே டிப்டி இன்ஸ்பெக்டரும் தலைமை வாத்தியாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியிலிருந்து, "நாலில் மூணு! நாலில் மூணு!" என்று கூச்சல் வந்தது.

வைகுண்டராஜ் குடையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். லூர்துநாதனும் மதலேனாளும் பின்னால் வந்தார்கள். மணிக்கூண்டிலிருந்து கயிறுகள் வந்திருந்தன. கிணற்று மேடையில் செல்வமணி உட்கார்ந்திருந்தான். இப்போது அவன் முகத்தில் தெளிவு இருந்தது.

"விடை சரி" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனால் இந்த அம்மாள் கண் சாடை காட்டுகிறார். நான் பார்த்தேன்."

மதலேனாள் காட்டவில்லை. சிரிப்பை அடக்கியதில் கண் சுருங்கியிருக்கும். அவள் கோயில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். வாத்தியாரம்மா சுவரைப் பார்த்து நிற்கிற காட்சி பிள்ளைகளுக்கு அளவில்லாத உற்சாகம் கொடுத்தது.

"எட்டில் ஐந்து, பன்னிரண்டில் ஏழு. எது பெரிது?"

பன்னிரண்டு பாகக் கயிறு கிடையாது. ஓட வழியில்லை. லூர்துநாதன் கண்ணை மூடிச் செபமாலையைத் தொட்டுக்கொண்டார். செல்வமணி மேடையில் இருந்தபடியே உரக்க யோசித்தான். "எட்டில் பாதி நாலு. அஞ்சுன்னா பாதிக்கு மேல ஒரு துண்டு. பன்னெண்டில் பாதி ஆறு. ஏழுன்னா இதுவும் பாதிக்கு மேல ஒரு துண்டு. அது எட்டுப் பேர் வட்டத்துத் துண்டு, இது பன்னெண்டு பேர் வட்டத்துத் துண்டு." அவன் முகம் மலர்ந்தது. "எட்டில் அஞ்சுதான்யா. பன்னெண்டு பேர் கிட்டப் போனா வாயில ஒட்டக்கூட ஒட்டாது."

வைகுண்டராஜ் சிலேட்டை வாங்கிக் குறுக்கே பெருக்கிப் பார்த்தார். அறுபது, ஐம்பத்தாறு. இன்னொரு தடவை பெருக்கினார். சுவர்ப் பக்கமிருந்து சீறல் ஒன்று கேட்டது.

ரோசம்மாள் விடவில்லை. "ஐயா, நாங்க ஒண்ணு கேக்கலாமா?"

கேட்கக் கூடாது என்று லூர்துநாதன் தலையாட்டுவதற்குள் அவள் ஏற்பாடு செய்துவிட்டாள். ஒரு வட்டத்தில் நாலு பேர், நடுவில் ஒரு கரும்பு. இன்னொரு வட்டத்தில் ஒன்பது பேர், நடுவில் இரண்டு கரும்பு. "நீங்களும் விளையாட்டுக்கு வாறீக. எந்த வட்டத்துக்குப் போனா ஒங்களுக்கு லாபம்?"

வைகுண்டராஜ் புன்னகை செய்தார். இத்தனை வருட உத்தியோகத்தில் இது ஒரு கேள்வியா? "நான்கில் ஒன்று, ஒன்பதில் இரண்டு. நான்கில் ஒன்றே பெரிது." குடையை மடக்கிக்கொண்டு கம்பீரமாக நாலு பேர் வட்டத்துக்குள் காலெடுத்து வைத்தார்.

"ஐயா, இப்ப இந்த வட்டத்தில எத்தனை பேரு?"

அவர் எண்ணினார். நாலு பிள்ளைகள். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார்.

"அஞ்சு" என்றாள் ரோசம்மாள். "ஒங்களுக்கு அஞ்சில் ஒண்ணு. அங்கன போயிருந்தா பத்தில் ரெண்டு. ரெண்டும் ஒண்ணுதான். நீங்க ஒங்கள எண்ணவே இல்லங்கய்யா. நீங்க வந்ததுல இவுக பங்கும் கொறைஞ்சு போச்சு."

வட்டத்திலிருந்த நாலு பிள்ளைகளும் அவரை நிஜமான வருத்தத்தோடு அண்ணாந்து பார்த்தார்கள்.

சுவரைப் பார்த்து நின்ற மதலேனாளால் அதற்கு மேல் முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். கோயில் மாடப்புறாக்கள் எழுந்து பறந்தன. லூர்துநாதன் செபமாலையை மறுபடியும் பிடித்துக்கொண்டார்.  வைகுண்டராஜின் வாய் ஐந்து, பத்து, இரண்டு என்று முணுமுணுத்தது. பிறகு வட்டத்துக்கு நடுவிலேயே தரையில் உட்கார்ந்தார்.

"வெட்டுங்கள்" என்றார். "ஐந்தாக."

தன் பங்கைப் பல்லால் உரித்து, சக்கை துப்பி, மிச்சச் சோதனையை அங்கேயே உட்கார்ந்து நடத்தினார்.

கணக்கில் இருபத்திரண்டு பேரும் தேறினார்கள். சொல்வதெழுதுதலில் ஏழு பேர் போனார்கள். விரலில் கரும்புப் பிசின் ஒட்டிச் சிலேட்டுக் குச்சி ஓடவில்லை என்பது அவர்கள் வாதம். ஒரு மாதம் கழித்து வந்த அறிக்கையில், மூன்றாம் வகுப்பின் கணக்கறிவு இத்தாலுகாவில் தாம் கண்டவற்றுள் சிறந்தது என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில், பிள்ளைகள் சன்னல் வழியாக வெளியேறுகிறபடியால் ஒழுங்குக்கான மதிப்பைக் குறைத்திருப்பதாக எழுதியிருந்தது. லூர்துநாதன் ஊராருக்கு முதல் வரியை மட்டும் படித்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சாமியார் இரண்டையும் படித்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் மதலேனாள் காலையில் சீக்கிரமாக வந்தபோது, முற்றத்தில் லூர்துநாதன் மட்டும் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆறு பாகக் கயிற்றின் ஓரமாக நடந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார்.

"முடிச்சு சரியா இருக்கான்னு பார்த்தேன்" என்றார்.

"சரியா இருக்குதாங்கய்யா?"

"நாலாவது கொஞ்சம் தளர்ந்திருக்கு." குனிந்து அதை அவரே இறுக்கினார். பிரம்பு ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் நான்காம் வகுப்பும் வாரத்தில் இரண்டு நாள் முற்றத்துக்கு வந்தது.

மதலேனாள் அந்த ஊரில் ஆறு வருடம் இருந்தாள். மலைக்கு மேலே அணை வேலை நடந்த காலம் அது. தண்ணீர் கீழே இறங்கினால் எந்த வழியாக ஓடும் என்று பள்ளத்தாக்கு முழுக்க அளந்தார்கள். 1894-இல் அளவைக்காரர்களோடு சங்கிலி பிடிக்கிற வேலைக்கு வந்தவர் ஜேசுராஜ். நூறு கண்ணி கொண்ட இரும்புச் சங்கிலி அது. பாதையில் அதைப் பார்த்த மதலேனாளுக்குக் கை பரபரத்தது. ஒருநாளைக்கு இரவல் கேட்டு இரண்டு பிள்ளைகளை அனுப்பினாள். சர்க்கார் சாமானைத் தனியே விடக் கூடாது என்று ஜேசுராஜும் கூடவே வந்தார். வந்தவரை எழுபதாம் கண்ணியில் நிறுத்தி, "நீங்கதான் நூறில் எழுபது, அசையாதீக" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை இரண்டு பக்கமும் ஓடவிட்டாள். மணி அடித்தது, பிள்ளைகள் சோற்றுக்குப் போனார்கள், அவளும் போய்விட்டாள். ஜேசுராஜ் வெயிலில் நின்றார். அரைமணி நேரம் கழித்து வந்து, "ஐயோ, மறந்துட்டேனே" என்றாள்.

மறந்துதான் போனாள் என்று அவர் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். மறு வருடம் வைகாசியில் அதே கோயிலில் கல்யாணம் நடந்தது. சுருளியாண்டி ஒரு கட்டுக் கரும்பு கொண்டுவந்து வாசலில் சாத்தினார். லூர்துநாதன் முன்வரிசையில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜேசுராஜுக்கு வருசநாட்டுப் பக்கம் வேலை மாறியது. அங்கே பள்ளிக்கூடம் இல்லை. மதலேனாள் காலியாகக் கிடந்த ஒரு கொட்டகையைப் பிடித்தாள். முதல்நாள் ஏழு பிள்ளைகள் வந்தார்கள். பதிவேட்டில் வயது எழுத வேண்டும். பொன்னாத்தாள் என்ற ஒருத்தி தன் மகனைக் கூட்டிவந்து, "இவன் பிறந்து எட்டு வருசமாச்சு. ஒன்பது இன்னும் ஆகலை, கொஞ்சந்தான் கொறையும்" என்றாள்.

மதலேனாள் எட்டே முக்கால் என்று எழுதினாள்.

அடுத்து நின்ற பையன் எட்டிப் பார்த்தான். "நான் எட்டரை. அவனைவிட நான்தானே மூத்தவன்?"

"எப்படிலே?"

"என்னது அரை. அவனது வெறும் முக்கால்தானே? பாதியை விடவா காலு பெரிசு?" அவனுக்கு முக்காலில் கால்தான் காதில் விழுந்திருந்தது.

"காலு இல்லடா, முக்காலு!" என்று பொன்னாத்தாளின் மகன் அவன் சட்டையைப் பிடித்தான். மற்ற ஐந்து பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பொன்னாத்தாள் விலக்கிவிடச் சொல்லி வாத்தியாரம்மாவைப் பார்த்தாள்.

மதலேனாள் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, வட்டம் போடச் சாம்பல் தேடி எழுந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.